இன்ஸ்பெக்டர் கழற்றாத மாலை

என் வாயில் ஒரு விஷயம் தங்காது. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்று யாராவது தொடங்கினால், அவர் முடிப்பதற்குள்ளேயே யாருக்கு முதலில் சொல்லலாம் என்று என் மூளை யோசிக்கத் தொடங்கிவிடும். (என் கணவரின் பிறந்தநாளுக்கு நான் வாங்கும் பரிசு என்னவென்று அவருக்கு எப்போதும் முன்கூட்டியே தெரியும். வேறு யார், நான்தான் சொல்லியிருப்பேன்.) இந்த வாயால் ஒரு பள்ளிக்கூடத்தையே மூட வைக்கப் பார்த்த கதை இது.

பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. அரசுப் பள்ளியும் இல்லை, பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியும் இல்லை. எங்கள் வட்டாரப் பெற்றோர் சிலர் சங்கம் அமைத்துத் தொடங்கியது. இப்படியான பள்ளி சில வருடங்கள் சொந்தக் காலில் நின்று காட்ட வேண்டும். பிறகு அரசாங்கம் ஆள் அனுப்பிப் பார்த்து, திருப்தி என்றால் ஒப்பந்தம் போடும். அதன்பின் பாடத்திட்டம் அவர்களுடையது, நடத்துவது நாங்கள், ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் எங்களிடம் மிஞ்சுவது ஒரு பூட்டும் திறப்பும்தான்.

ஒப்பந்தத்துக்குக் காத்திருந்த அந்தக் காலத்தில் அங்கே ஆசிரியை என்றால் காலையில் கணக்கு, மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மீன்முள் எடுத்துக் கொடுப்பது, பின்னேரம் கழிப்பறைக் குழாயோடு மல்லுக்கட்டுவது. போட்டோக்கொப்பி மெஷின் ரயில்காரரைவிட அடிக்கடி வேலைநிறுத்தம் செய்தது. (பிரான்சில் இது சாதாரண சாதனை இல்லை.) "இந்தச் சனியன் பிடிச்ச வேலையை நாளைக்கே விடுறன்" என்று வீட்டுக்கு வந்து கத்துவேன். "ஓமப்பா, நாளைக்கு விடும். இப்ப சாப்பிடும்" என்பார் கணவர். மறுநாள் முதல் ஆளாகப் போய்க் கதவு திறப்பதும் நான்தான்.

காரணம் பிள்ளைகள். அதிலும் சாருகா. முன்பு படித்த பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்க அவள் வாயே திறக்கவில்லையாம். எங்களிடம் வந்தும் பல மாதம் தலையாட்டல் மட்டும்தான். பிறகு ஒருநாள் பக்கத்துப் பிள்ளையிடம் அழிரப்பர் கேட்டாள். அதற்காக நான் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன். (குழாயும் கூடவே ஒழுகியது.)

ஒரு திங்கட்கிழமை எங்கள் அதிபர் மதாம் கிளேர் எல்லோரையும் கூப்பிட்டார். வியாழன் காலை இன்ஸ்பெக்டர் வருகிறார். வழமையான ஒரு நாளைப் பார்க்கத்தான் வருகிறார், ஆகவே எந்த விசேஷமும் வேண்டாம், வெளியே பேச்சும் வேண்டாம். கடைசியில் என்னைப் பார்த்து, "வசந்தி, முக்கியமாக நீங்கள்" என்றார்.

நான் ஒரே ஒருவருக்குத்தான் சொன்னேன். லா ஷப்பேல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடையில் வேலை செய்யும் பரமேஸ் அக்காவுக்கு. சாருகாவின் அம்மா. அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரிய வேண்டும், சொல்லுங்கள்?

"பெரிய ஆள் வாறார் அக்கா. எங்கட பள்ளிக்கூடத்தின்ர தலையெழுத்து அவற்ற கையிலைதான். ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "அந்தாள் வேண்டாமெண்டால்?"

"பூட்டுறதுதான்."

"அப்ப என்ர பிள்ளை எங்கை போவாள், ரீச்சர்?" என்றார். கத்தரிக்காய் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழன் காலை பள்ளிக்கூட வாசல் கல்யாண வீடாகியிருந்தது. மேசையில் வெள்ளை விரித்து நிறைகுடம். பக்கத்தில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டு. சேலை கட்டிய அம்மாமார். கோட்டுப் போட்ட அப்பாமார், அதில் பாதிப் பேர் உணவக வேலைக்கு லீவு போட்டவர்கள். மாலி நாட்டுத் தாய்மார்கூட, என்ன விசேஷமென்று தெரியாவிட்டாலும், பளபளக்கும் உடுப்போடு வந்து வரிசையில் நின்றார்கள். நடுவில் பரமேஸ் அக்கா. கையில் சிவப்பு ரோசாவும் வெள்ளைச் செவ்வந்தியும் மாறி மாறிக் கட்டிய, சாமிக்குப் போடலாம் போன்ற மாலை.

"அக்கா! என்ன இது?"

"பெரிய மனிசரை வெறுங்கையோட கூப்பிடுறதே? நாங்கள் என்ன பழக்கம் தெரியாத ஆக்களே?"

அதற்குள் அவர் வந்துவிட்டார். மழைக்கோட்டுப் போட்ட மெலிந்த மனிதர். என்னவென்று புரிவதற்குள் பன்னீர் கண்ணாடியில் விழுந்தது, சந்தனம் நெற்றியில் ஏறியது, மாலை கழுத்தில் இறங்கியது. கைதட்டல் தெருவைத் தூக்கியது. மதாம் கிளேர் என் காதுக்குள் சீறினார்: "வசந்தி, அந்தச் சந்தனம் மதச் சின்னமா? அரசாங்க ஆளுக்கு அது ஆகாது!"

"இல்லை மதாம், குளிர்ச்சி."

இனித்தான் வில்லங்கமே. நம்மவர்களுக்கு மாலை போட்டால், போட்ட கை எடுப்பதற்குள் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். அதுதான் பணிவு. பாவம், அந்த மனிதருக்கு இது எப்படித் தெரியும்? கழற்றினால் மரியாதையில்லை என்று நினைத்து அப்படியே நின்றார். அப்படியே மாடியேறினார். அப்படியே என் வகுப்பில் கடைசி வாங்கில் உட்கார்ந்தார்.

"கழட்டேல்லை, பாத்தியளே! எவ்வளவு ஆசை அவருக்கு!" என்று அம்மாமார் பூரித்தார்கள். வகுப்புக் கதவுக் கண்ணாடியில் ஏழெட்டு மூக்குகள் ஒட்டியிருந்தன.

அப்போது அவர் முதல் தும்மலைத் தும்மினார். செவ்வந்தி அவருக்கு ஒத்துக்கொள்ளாது போலும்.

அன்றைய பாடம் பின்னங்கள். கடதாசியில் வட்டம் வட்டமாகப் பீட்சா வெட்டி வைத்திருந்தேன். யார் பார்த்தார்கள்! எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பி மாலையையே பார்த்தன. கத்தியும் பயனில்லை, கெஞ்சியும் பயனில்லை. நாசமாகப் போனது போனதுதான் என்று, "சரி, மிஸ்யூவின் மாலையில் எத்தனை பங்கு சிவப்பு?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். வகுப்பே எழும்பிப் போய் அவரைச் சூழ்ந்துகொண்டது. பிரெஞ்சுக் குடியரசின் அதிகாரியை என் பிள்ளைகள் விரலால் குத்திக் குத்தி எண்ணினார்கள். அவர் கையை அகல விரித்துக்கொண்டு ஆடாமல் நின்றார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நெற்றியில் சந்தனம் வெடித்து உதிர்ந்தது. என் வேலைக்கு அன்றைக்கே திவசம் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

"பாதி!" என்று வகுப்பு கத்தியது.

"நன்று" என்று சொல்லப்போனவர் பெருந்தும்மல் ஒன்று போட்டார். வெள்ளைப் பூக்கள் பொலபொலவென்று கொட்டின.

ஒரு கை மட்டும் உயர்ந்தது. சாருகா.

"மிஸ்யூ, இப்போது பாதி இல்லை. நீங்கள் தும்மிவிட்டீர்கள்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். "அப்படியென்றால் இப்போது எவ்வளவு?"

சாருகா மாலையைப் பார்த்தாள். அவர் மூக்கைப் பார்த்தாள். நிதானமாகச் சொன்னாள்: "முதலில் நீங்கள் தும்மி முடியுங்கள். பிறகு சொல்கிறேன்."

கதவுக்கு வெளியே யாரோ விம்மினார்கள். திரும்பிப் பார்த்தேன். பரமேஸ் அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். "என்ர பிள்ளை… பெரிய மனிசரோட வாதாடுறாள்…" என்றார். எனக்கோ, ஒப்பந்தம் கிடக்கட்டும், இதைப் பார்த்ததே போதும் என்றிருந்தது.

வெளியே போகும்போது இன்ஸ்பெக்டர் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "மதாம், ஒன்று கேட்கிறேன். இதை எப்போது கழற்றினால் மரியாதை?"

பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்தான் தெரியுமே. "போட்ட உடனேயே, மிஸ்யூ."

அவர் குனிந்து மாலையைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், சிரித்தார், தும்மினார், மறுபடி சிரித்தார்.

ஒப்பந்தம் கிடைத்தது. மதாம் கிளேரிடம் அவர் சொன்னாராம்: மற்றப் பள்ளிகளில் பெற்றோர் தன்னிடம் முறைப்பாட்டோடு வருவார்கள், பூவோடு வந்தது இங்கே மட்டும்தான் என்று. பாடம் குழப்பமாக இருந்தது, ஆனால் ஒரு பிள்ளைகூடத் தன்னைக் கண்டு பயப்படவில்லை என்றும் சொன்னாராம். மதாம் கிளேர் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அந்த நன்றிக்கு நான் இன்னும் குழாய் திருத்துகிறேன். ஆனால் பள்ளி விதிகளில் ஒரு வரி கூடியது. உள்ளே கொண்டுவரக் கூடாதவை: நாய், ஸ்கேட்போர்ட், மாலை.

அலுப்பு குறைந்ததா என்றால், இல்லை. இன்றைக்கும் பாதி நாள் வீட்டுக்கு வந்து, "நாளைக்கே விடுறன் இந்த வேலையை" என்று கத்துகிறேன். அப்போது, எதைக் கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொல்லும் என் மகள், இந்த ஒன்றை மட்டும் சுத்தத் தமிழில் சொல்வாள்:

"அம்மா, முதல்ல தும்மி முடியுங்கோ."