காட்சிப் பொருள் எண் எட்டு

மனித நாகரிகம் இதுவரை எட்டிய உச்சம் எது என்று கேட்டால், ஐம்பது சதவீத ஈரப்பதம் என்பேன். அதைத் தினமும் எட்டிக் காட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இந்தக் கோடை வரை என் காலை இப்படித்தான். ஆறு மணிக்கு எழுவேன். ஒரு கட்டன் சாயா. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் நீலக் கட்டம் போட்ட சட்டையை மறுபக்கம் திருப்பி அதே ஆணியில் தொங்கவிடுவேன். தொழிலாளர் லயத்தில் இருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு இருபது நிமிடம் மேலே நடப்பேன். ஏழரைக்குப் பனிமூடி எஸ்டேட் பாரம்பரிய மையத்தைத் திறப்பேன். மீட்டர் பார்ப்பேன். ஐம்பது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் மிஷினின் வாளியை உருவி, உள்ளே இருக்கும் நாலு லிட்டர் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுவேன். பதிவேட்டில் கையெழுத்து.

இவ்வளவும் ஒரு கவுனுக்காக. நூறு வருடத்துக்கு முன் இங்கிருந்த பெரிய துரையின் மனைவி, ஒரே ஒரு நடன விருந்துக்கு உடுத்திய நீலப் பட்டுக் கவுன். கூடவே கையுறை, தொப்பி, குடை, இடுப்பை இறுக்கும் கச்சை, குதிரைச் சவாரிக் கோட்டு, உள்பாவாடை. மொத்தம் ஏழு பொருள்கள், ஒரு உதவிக் காப்பாளர். அது நான். வரலாற்றில் பி.ஏ.

மையத்துக்கு விதிகள் உண்டு. விதி நான்கு: கவுனுக்கு இரண்டடிக்குள் யாரும் மூச்சு விடக் கூடாது; மூச்சில் ஈரம் இருக்கிறது. விதி ஏழு: மிஷின் எக்காரணம் கொண்டும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. இரண்டையும் நான் ஒருமுறைகூட மீறியதில்லை. சென்ற ஆகஸ்டில் அதற்காக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

சென்ற ஜூலையில் என் மனைவி பிரதீபா இறந்தாள். நெஞ்சில் சளி. "காய்ஞ்ச எடமாப் பாத்துப் படுக்க வைங்க" என்று எஸ்டேட் டாக்டர் சொல்லியிருந்தார். ஜூலையில் எங்கள் லயத்துச் சுவரைத் தொட்டால் கை நனையும்.

ஆணியில் தொங்கியது அவள் சட்டை. அதற்கு முன் என் சட்டை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் செடி கீறாமல் இருக்கச் சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அவள் சட்டையில் பூஞ்சை ஏறத் தொடங்கியிருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. அதற்குள் அதை ஒரு காய்ந்த இடத்தில் சேர்க்க வேண்டும். எஸ்டேட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்று. அதில் கவுன் இருந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்கு 'அனைவரையும் அரவணைக்கும்' ஞானம் பிறந்தது. கொச்சியிலிருந்து ஜோமோள் என்ற நிகழ்ச்சி ஆலோசகர் லேப்டாப்போடு வந்து இறங்கினார். அவர் திட்டம் இது: ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடும் டிராக் கலைஞர்கள், நம் ஏழு பொருள்களையும் 'மறுகற்பனை' செய்து, எஸ்டேட் ரிசார்ட்டின் விருந்தினர் முன் புல்வெளியில் நடப்பார்கள். பெங்களூரிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றார் மேனேஜர் ராஜசேகர்.

தேவைப்படவில்லை. இங்கேயே இருவர் இருந்தார்கள். வினோ, சூரியநெல்லியிலிருந்து சுற்றுலாக்காரர்களை மலை ஏற்றும் ஜீப் டிரைவர். மேடைப் பெயர் 'மிஸ் எட்டாம் வளைவு'. மொக்கையன், பாக்டரியில் பாய்லர் பார்ப்பவர், வயது நாற்பத்தாறு. மேடைப் பெயர் 'மேடம் மழைக்காலம்'. பத்து வருடமாகச் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் ஆடுகிறவர்கள். அப்போதெல்லாம் ராஜசேகர் அதைக் 'கூத்தடிக்கிறது' என்பார். கொச்சியிலிருந்து மின்னஞ்சல் வந்த அன்று அது 'கலை' ஆயிற்று.

முதல் ஆலோசனைக் கூட்டம் காலை பதினொன்றுக்குக் கூடியது. பிஸ்கட் இருந்தது. வினோ மூச்சை அடக்கியபடி ஏழு பொருள்களையும் சுற்றிவிட்டு, வெளியே வந்து மூச்சு விட்டான்.

"எல்லாம் தொரசானி துணியால்ல இருக்கு. எங்கம்மா போட்டது எங்க சார்?"

"உங்கம்மா என்ன போட்டாங்க?" என்றார் ராஜசேகர்.

"ஆம்பளைச் சட்டை. இடுப்புல தார்ப்பாய். தலையில துண்டு. கால்ல அட்டைப்பூச்சி."

"அது வரலாறு இல்ல வினோ. இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."

"முடிஞ்சாத்தான் வரலாறா சார்?"

"கொறஞ்சது, போட்டவங்களாவது செத்திருக்கணும்."

நான் பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்தேன். "அந்தத் தகுதியுள்ள சட்டை ஒண்ணு எங்கிட்ட இருக்கு சார்."

கூட்டக் குறிப்பில் 'உதவிக் காப்பாளர் ஒரு பொருளை முன்மொழிந்தார்' என்று நானே எழுதினேன். மொக்கையன் மூக்கைச் சிந்தியதைச் சேர்க்கவில்லை.

ஜோமோளுக்குக் கொள்கை ரீதியான ஐயம் இருந்தது, பாதி மலையாளத்தில். "பக்ஷே சந்துரு, அது ஜென்ட்ஸ் ஷர்ட் அல்லே? ஒரு ஆண், ஆணோட ஷர்ட்டைப் போட்டா அதுல டிராக் எவிட, எங்க இருக்கு?"

"மேடம்," என்றான் வினோ, "நூறு வருசமா இந்த மலையில பொம்பளைங்க ஆம்பளைச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் தேயிலைக் காட்டுக்குப் போறாங்க. ஒருத்தரும் கை தட்டல. நாங்க ரெண்டு பேரும் லேட்டா வந்தவங்க."

"எங்காத்தா மீசை மட்டுந்தான் வைக்கல" என்றார் மொக்கையன்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்று ஜோமோள் லேப்டாப்பில் தட்டினார். 'ஆண் சட்டை அணிந்த பெண்ணாக வேடமணியும் ஆணுக்கு மூன்று நிமிடம்' என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. நிகழ்ச்சி முடிந்ததும் சட்டையை மையத்திலேயே வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.

"கைதட்டலைப் பாத்து முடிவு பண்ணலாம்" என்றார் ராஜசேகர். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் இந்த அளவுகோலை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் வினோ வீட்டுக்கு வந்தான். சட்டையை ஆணியிலிருந்து அவனே எடுத்தான்.

"தொவைக்கட்டுமாண்ணே?"

"வேண்டாம்."

"பூஞ்சை?"

"அது மட்டும் போகட்டும்."

மூன்று நாள் சட்டையை ஜீப்பின் பின்கம்பியில் தொங்கவிட்டு மலை ஏறி இறங்கினான். வெயில் விழும் வளைவிலெல்லாம் வண்டியை நிறுத்தினான். அவை முக்கியமான காட்சி முனைகள் என்று நம்பி, சுற்றுலாக்காரர்கள் இறங்கி இறங்கிப் படம் எடுத்தார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விழா. முதலில் மேடம் மழைக்காலம். தேயிலை அடைக்கும் வெள்ளித் தாளில் தைத்த கவுன், நடக்கும்போது பாய்லர் போலச் சத்தம் போட்டது. இடுப்பில் கச்சைக்குப் பதில் ஜீப் டயரின் டியூப். ஒரு கையில் கம்பி மட்டும் மிஞ்சிய குடை, மறு கையில் 'இரண்டடிக்குள் மூச்சு விடாதீர்' என்ற பலகை. முன்வரிசையில் ஒரு பெரியவர் உண்மையாகவே மூச்சை அடக்கினார். மேடம் அவர் முன் நின்று இடுப்பை ஒடித்துத் திரும்பி, நாணிக் கோணி, நகரவே இல்லை. பெரியவர் முகம் சிவந்ததும் "பாவம், விட்டிரலாம்" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார்.

பிறகு மிஸ் எட்டாம் வளைவு. பிரதீபாவின் சட்டை. அவள் சிவப்பு நூலால் தைத்த கழுத்துப் பொத்தான். குதிகால் ஒட்டவைத்த ரப்பர் பூட்ஸ். பின்னால் இருபதடி நீளத்துக்கு இழுபட்டு வந்தது நீலத் தார்ப்பாய். வினோ புல்வெளியில் கொழுந்து எடுத்தான். விருந்தினரின் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ராஜசேகரின் பேனா எல்லாம் முதுகுக் கூடைக்குப் போயின. கடைசியில் கூடையைத் தராசில் வைத்து, கூலிக்கு எடை கூடட்டும் என்று, வானத்தைப் பார்த்துக்கொண்டே முழங்கையால் மெல்ல அழுத்தினான்.

வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் கூட்டம் ஓவென்று சிரித்தது.

"ஏ, அது பிரதீபா சட்டைல்லா?" பக்கத்து வீட்டுப் புஷ்பமேரியின் குரல். "அந்த முழங்கை வேலையும் அவளோடதுதான். லேய் வினோ, வெரசா ஆடி முடிலே. மழை இருட்டிக்கிட்டு வருது. என் கூரைத் தார்ப்பாய் ஒன் பொறத்தால கெடக்கு."

கைதட்டல் நாலு நிமிடம் நீடித்தது. நானும் சிரித்திருக்கிறேன். புகைப்படத்தில் தெரிகிறது.

திங்கட்கிழமை சட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று. கவுனுக்கு அடுத்து, காட்சிப் பொருள் எண் எட்டு. மீட்டர் ஐம்பது. பூஞ்சை இல்லை. என் வீட்டு உடுப்பு ஒன்றை ஒரு கம்பெனி இப்படிப் பொத்திப் பாதுகாப்பதை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. விதி நான்கின்படி அதற்கு இரண்டடிக்குள் நானும் மூச்சு விடுவதில்லை.

பதிவுப் படிவம் மட்டும் பாக்கி. அதில் பதினோராவது கேள்வி: 'அணிந்தவர் இவ்விடம் பற்றிக் கூறியது, அவர் சொற்களிலேயே.' கவுனின் படிவத்தில் துரைசானியின் கடிதத்திலிருந்து ஒரு வரி இருக்கிறது: 'இங்கே சுவரெல்லாம் ஈரம், என்னால் உறங்க முடியவில்லை.' அந்த மாதமே பங்களாவில் நான்கு கணப்பு அடுப்புகள் கட்டினார்கள். பெண்களின் சொல்லைக் கம்பெனி எப்போதும் காது கொடுத்துக் கேட்டே வந்திருக்கிறது.

"சட்டைக்கும் எதாச்சும் எழுதுங்க சந்துரு" என்றார் ராஜசேகர். "அவங்க கடைசியா என்ன சொன்னாங்களோ அதையே போடுங்க. படிக்கிறவங்களுக்கு டச்சிங்கா இருக்கும்."

போட்டேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஏங்க, கவுனுக்கு ஓடுற அந்த மிஷினை ஒரே ஒரு ராத்திரி இங்கிட்டுக் கொண்டாந்து வைங்களேன். விடியக்குள்ள திருப்பிக் கொண்டு போயிருங்க. கவுனுக்கு ஒண்ணும் ஆயிராது."