வேண்டுதல் ஜீப்

தலைக்கு மேல் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது. தங்கராஜு பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது பிரேக் பிடித்ததாலா, மேலே இடித்ததாலா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னங்க, இடிச்சிருச்சா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மங்களம்.

"இடிக்கல. லேசா தொட்டுச்சு."

இறங்கிப் பார்த்தார். பிடோக்கில் அவர்கள் புளோக்கை ஒட்டிய பல மாடிக் கார்பார்க்கின் வாசலில் ஒரு கனமான மஞ்சள் இரும்புக் கம்பி, உத்தரத்தை ஒட்டி இரண்டு குட்டைச் சங்கிலிகளில் தொங்கும். அதைவிட உயரமான வண்டி உள்ளே வந்து கூரையில் மோதிவிடக் கூடாது என்பதற்காக மாட்டியது. உள்ளே போகும்போது குள்ளமாக இருந்த வண்டி வெளியே வரும்போது வளர்ந்திருக்கும் என்று மாட்டியவர்கள் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

இத்தனைக்கும் தங்கராஜு ஓய்வு பெறும்வரை இரட்டை மாடிப் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருஷத்தில் ஒரு மரக்கிளையைக்கூட உரசியதில்லை. அப்படிப்பட்ட மனிதர், நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு குட்டி ஜப்பான் ஜீப்பைக் கொண்டுபோய்க் கம்பியில் முட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"நேரமாகுதுங்க," என்றாள் மங்களம்.

நேரம்தான் கையில் இல்லை. சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயிலில் உச்சிவேளையில் நடை சாத்திவிடுவார்கள். மத்தியானம் மங்களத்தை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலையில் அவள் இருதயத்தில் அறுவை சிகிச்சை. அதற்குள் இந்த ஜீப் ஆத்தாளின் வாசலுக்குப் போயாக வேண்டும். கடனை வைத்துக்கொண்டு அவளை உள்ளே அனுப்பத் தங்கராஜுவுக்குத் துணிச்சல் இல்லை.

கடன் என்பது ஆத்தாளிடம் பட்ட கடன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மங்களம் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, தங்கராஜு பேருந்து நிறைய ஆட்களோடு தெம்பனிஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ரவூப்பும் அவர் மனைவி ஜரீனாவும்தான் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் போய் போனை எடுத்துப் பார்த்தால் ரவூப்பின் குரல்: "அண்ணே, அக்காவ நம்ம ஜீப்புல ஏத்தியாச்சு. பயப்படாதீங்க."

தங்கராஜு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். "ஆத்தா, என் மங்களத்த ஏத்திக்கிட்டுப் போன வண்டிய உன் வாசலுக்கே கொண்டாந்து, மாலை போட்டு, தேங்காய் உடைக்கிறேன். அவள மட்டும் திருப்பிக் குடுத்துரு," என்று வேண்டிக்கொண்டார்.

ஆத்தா கொடுத்துவிட்டாள். சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், அதுதான் காப்பாற்றியது என்று டாக்டரே சொன்னார். ஜீப்தான் வர மறுத்தது. அது ஏற்கனவே சாகக் கிடந்தது. இழுத்துப்போய் உடைக்கிற இடத்தில் விடுவதற்கு ரவூப் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

தங்கராஜு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். "தம்பி, உயிர் குடுத்த வண்டி. அத உடைக்கக் குடுப்பீங்களா? என் பேருக்கு மாத்துங்க. நான் சரி பண்றேன்."

ரவூப்புக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அண்ணே, அது வந்து... அன்னைக்கு என்னாச்சுன்னா..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க அடக்கமான ஆளுன்னு எனக்குத் தெரியும்." தங்கராஜு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ரவூப் பல தடவை வாயைத் திறந்தார். ஒவ்வொரு தடவையும் தங்கராஜு கட்டிப்பிடித்தே அதை மூடினார். நன்றி என்று வந்துவிட்டால் அவர் கொஞ்சம் முரட்டு ஆள். தீபாவளிக்கு ரவூப் வீட்டுக்கு மட்டும் நாலு டப்பா முறுக்கு போகும்.

மங்களத்துக்கு எதுவும் ஞாபகம் இல்லை. "ஜில்லுனு காத்து அடிச்சுச்சு. அது மட்டும்தான் தெரியும்," என்பாள்.

"ஜன்னல் ஒண்ணும் மூடாதுல்ல. அந்தக் காத்துதான்," என்று தங்கராஜு பெருமையோடு விளக்குவார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்பார்க்கின் மூன்றாம் மாடியில் வேலை நடந்தது. தரைத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே சிமெண்டு தெரிந்தது, அதை அடைத்தார். துரு ஏறிய மரைகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டார். மூன்று நாள் வீட்டில் ரசம் இல்லை. கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டு, மங்களத்தின் புது டூத்பிரஷால் தேய்த்தார்.

"அது என்னோடதுங்க."

"உன்னக் காப்பாத்தின வண்டிக்குத்தானே தேய்க்கிறேன்."

இப்படிச் சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? தனக்குப் பழைய டூத்பிரஷ் போதும் என்று போய்விட்டாள்.

வேலைக்கு ஒரே ஒரு எதிரி இருந்தான். மூன்றாம் மாடி வீட்டு ஆ செங். இரவெல்லாம் டாக்சி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். அவன் ஜன்னலுக்கு நேர் எதிரேதான் தங்கராஜுவின் சுத்தியல். ஒருநாள் பனியனோடு வந்து நின்றான்.

"அங்கிள், ஐ வான்ட் டு ஸ்லீப் லா. திஸ் ஜீப் கெனாட் மேக் இட் ஒன்." இந்த வண்டி தேறவே தேறாது என்று அர்த்தம்.

பிறகு கார்பார்க்கில் பழுது பார்க்கக் கூடாது என்று நகர மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. யார் வேலை என்று தங்கராஜு யோசிக்கவே இல்லை.

"மனுஷனா அவன்? ஒரு உயிரக் காப்பாத்தின வண்டியப் போய்ப் புகார் பண்றான். பக்கத்து வீட்டுல ரவூப் மாதிரியும் ஒரு ஆளு, எதிர்ல இவன மாதிரியும் ஒரு ஆளு," என்றார். அன்றிலிருந்து லிஃப்டில் ஆ செங் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார். சுத்தியலை மட்டும் துணி சுற்றி அடித்தார்.

ஒருவழியாக எஞ்சின் உறுமியது. வருடாந்திரச் சோதனையிலும் வண்டி தேறிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜீப் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சாமியிடம் போகிற வண்டி இடுப்பு ஒடிந்த மாதிரி போகலாமா? பாலம் தாண்டி ஜொகூர் பாருவுக்குப் போய்க் கனமான ஸ்பிரிங் வாங்கி வந்தார். அது நாலு விரக்கடை தூக்கியது. புது டயர் இரண்டு விரக்கடை. வாழைக்கன்றும் மாவிலையும் கட்டுவதற்கு மேலே ஒரு கேரியர். திரும்பி வந்ததும் பழையதையே மாட்டிவிடுவதாக மங்களத்திடம் சத்தியம் செய்திருந்தார். எல்லாமே மூன்றாம் மாடியில் நடந்தது. அங்கே கம்பி எதுவும் தொங்கவில்லை.

இப்போது தொங்கிக்கொண்டிருந்தது.

"கேரியரைக் கழட்டினாப் போச்சு," என்றார் தங்கராஜு.

ஆயுசுக்கும் கழலக் கூடாது என்று அவரே முறுக்கி வைத்த மரைகள். வியர்த்துக் கொட்டி, கை தோல் உரிந்து, கழற்றிக் கீழே வைத்தார். மாவிலை தரையில் கிடந்தது. வண்டியை நகர்த்தினால், இப்போது கூரையே கம்பியில் உரசியது.

வழியனுப்ப வந்த ரவூப் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, பேசாம ஒரு டாக்சி பிடிச்சுப் போயிட்டு வாங்களேன்."

"டாக்சியா? வேண்டுதல் என்னன்னு தெரியும்ல? அவள ஏத்திக்கிட்டுப் போன வண்டி. ஆத்தாகிட்டப் போய் வேற வண்டியக் காட்ட முடியுமா?"

ரவூப் ஜரீனாவைப் பார்த்தார். ஜரீனா வேறு பக்கம் பார்த்தாள்.

"டயர்ல காத்த இறக்குவோம்," என்றார் தங்கராஜு.

இறக்கினார். ஜீப் பணிந்தது. கம்பிக்கு அடியில் பாதி வண்டி போய்விட்டது. அங்கேதான் சாய்தளம் முடிந்து சமதளம் ஆரம்பிக்கிறது. முன்சக்கரம் சமதளத்தில் இறங்கியதும் வண்டி நிமிர்ந்தது. நிமிர்ந்த கூரை கம்பியில் கவ்விக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

"கனம் ஏத்தினா இறங்கும்," என்று தங்கராஜு கண்டுபிடித்தார். "எல்லாரும் ஏறுங்க."

மங்களத்தை இறக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ரவூப் ஏறினார், ஜரீனா ஏறினாள். சந்தைக்குப் போய்விட்டு வந்த இரண்டு சீனப் பெண்கள் கீரைக்கட்டுகளோடு ஏறினார்கள். அவர்களுக்கு விஷயம் இன்னதென்று தெரியாது. ஜீப் முனகிக்கொண்டு கீழே இறங்கியது. கம்பி விடுபட்டது. தங்கராஜு கிளட்சை விட்டார். அத்தனை பாரத்தை இழுக்க முடியாமல் எஞ்சின் இருமி அணைந்தது. மறுபடி திருகினார். சத்தமே இல்லை.

"இறங்கித் தள்ளுங்க," என்றார்.

எல்லாரும் இறங்கினார்கள். பாரம் போனதும் புது ஸ்பிரிங்குகள் சந்தோஷமாக எழும்பின. கூரை கம்பியைத் தூக்கி, வளைத்து, மாட்டிக்கொண்டது. தள்ள வேண்டுமானால் இறங்க வேண்டும். இறங்கினால் எழும்பும். ஏறினால் தள்ள ஆளில்லை. இந்தக் கணக்கைத் தங்கராஜு இரண்டு தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே விடைதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஹாரன் அடித்தது. ஆ செங். ராத்திரி ஓட்டம் முடிந்து, தூங்குவதற்காக வருகிறான். வாசலில் ஜீப் குறுக்கே.

அவன் டாக்சியிலிருந்து இறங்கினான். தங்கராஜு நெஞ்சை நிமிர்த்தித் தயாராக நின்றார். ஆனால் ஆ செங் ஜீப்பைப் பார்த்தான், வளைந்த கம்பியைப் பார்த்தான், பட்டுப்புடவையில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்த மங்களத்தைப் பார்த்தான்.

"ஆன்ட்டி ஓகே ஆ? ஹாஸ்பிட்டல்?"

"ஹாஸ்பிட்டல் அப்புறம். முதல்ல டெம்பிள்," என்றாள் மங்களம். "டுமாரோ ஹார்ட் ஆப்பரேஷன்."

ஆ செங் டாக்சியின் பின்கதவைத் திறந்தான். "கம். கெட் இன்."

"வேணாம்," என்றார் தங்கராஜு.

மங்களம் எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தக் குரலில் பேசியதை அவர் கேட்டதில்லை. "நான் போறேங்க. உங்க ஜீப்பு வராட்டியும் நான் போய் ஆத்தாளப் பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரியில படுப்பேன். மாலையையும் தேங்காயையும் எடுத்துக்கிட்டு ஏறுங்க."

ஜரீனாவும் துணைக்கு ஏறிக்கொண்டாள். ஜீப்புக்குக் காவலாக ரவூப் நின்றுவிட்டார்.

வழியெல்லாம் தங்கராஜு முன்சீட்டில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆ செங் இரண்டு தடவை கொட்டாவி விட்டான். கண் சிவந்திருந்தது. தூங்க வேண்டிய மனுஷன். கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டு, பள்ளம் மேடு தெரியாமல், ஒரு முட்டையைக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினான். தங்கராஜு அதைக் கவனித்தார். நல்ல ஓட்டுநரை இன்னொரு ஓட்டுநருக்குத் தெரியாதா?

"தேங்க்யூ," என்றார் கடைசியில். ரொம்பச் சின்னக் குரலில்தான் வந்தது. "அந்த சவுண்டு... சன்டே... சாரி லா."

"நெவர் மைண்ட்," என்றான் ஆ செங்.

கோயில் பக்கத்துச் சந்தில் டாக்சி நின்றபோது, முன்பே சொல்லி வைத்திருந்த ஐயர் தட்டோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தார். நடை சாத்த இன்னும் கொஞ்ச நேரம்தான். மாலையோடு இறங்குகிறார்கள், வண்டி நிற்கிறது. அவருக்கு வேறு என்ன தெரிய வேண்டும்? நேராக டாக்சிக்கு வந்து பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைக்கக் குனிந்தார். ஆ செங் கைகட்டி மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

தங்கராஜுவுக்கு மனம் உடைந்துவிட்டது. கையில் தேங்காயோடு அழுதார்.

"சாமி, நிறுத்துங்க. இது அந்த வண்டி இல்ல. என் மங்களத்த ஏத்திக்கிட்டுப் போன வண்டியக் கொண்டாறேன்னு வாக்குக் குடுத்தேன். என்னால முடியல. இத்தனை நாள் பாடுபட்டும் கடைசியில ஆத்தாள ஏமாத்திட்டேன். நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மங்களம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஐயர் எலுமிச்சம்பழத்தோடு பாதியில் நிமிர்ந்தார். டாக்சியின் ஓரமாக நின்றிருந்த ஜரீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு வருஷமாகப் புருஷன் முழுங்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள்:

"தேங்காய உடைங்கண்ணே, அன்னைக்கு ஜீப்பு ஸ்டார்ட்டே ஆகல, அக்காவ ஏத்திக்கிட்டுப் போனது இந்த டாக்சிதான்."