யோரிஸோடு மலை கடந்த விவரம்

இயேசு மரி சூசை துணை

நவால், பிலிரான் தீவு

சேபு நகரில் மனைவி மக்களோடு வாழும் அன்புத் தம்பி சதுர்னினோவுக்கு, அண்ணன் எவரிஸ்தோ ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் கோழிகளும் சுகம். நீ அனுப்பிய விருந்தாளி வந்ததிலிருந்து நாய் மட்டும் கட்டிலுக்கடியை விட்டு வெளியே வரவில்லை. உங்கள் எல்லோருக்காகவும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

"ஹாலந்துக்காரப் பையன், பெயர் யோரிஸ், கையில் காசு கம்மி, தீவை நடந்தே பார்க்க வேண்டுமாம், துணைக்குப் போங்கள்" என்று எழுதினாயே, இது உனக்கே நன்றாக இருக்கிறதா? தலை நரைக்கும்வரை படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவன் நான், எத்தனையோ கஞ்சர்களைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருவனைப் பார்த்ததில்லை. படகு வருவதற்கு முன்பே துறையில் நின்றிருந்தான். "யோரிஸா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஆமாண்ணே, யோரிஸ்தான்" என்றான், நம் பாஷையில், நம்மைவிடச் சுத்தமாக. ஏதோ சரக்குத் தோணியில் ஓசியில் வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே படுத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் கிழக்குக் கரைக்குக் கிளம்பினோம். ஜீப்னி வண்டிக்காரன் தானாக நிறுத்தியும் இவன் ஏற மறுத்துவிட்டான். எனக்குச் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது, அவன் நெற்றியில் ஒரு சொட்டு இல்லை, வியர்வையைக்கூடச் செலவழிக்க மாட்டான் போலிருக்கிறது. தண்ணீரும் குடிக்கவில்லை. தென்னந்தோப்பு முடிந்து காடு ஆரம்பித்ததும், நாங்கள் போகப் போகப் பறவைச் சத்தம் ஒவ்வொரு மரமாக அடங்கியது. நம் வழக்கப்படி நான் புதருக்குப் புதர், காட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவர்களிடம், "கொஞ்சம் வழி விடுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பின்னாலிருந்து யோரிஸ், "விட்டாச்சுண்ணே, போங்க" என்றான். நல்ல கேலிக்காரன்.

காட்டுக்குள் ஒரு குடிசை. பர்பினா என்று ஒரு பெண், அபாக்கா வாழையின் நாரைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழி கேட்டுக்கொண்டு நடந்தோம், நடந்தோம், திரும்ப அதே குடிசை! அவள் சிரித்தாள். மறுபடி நடந்து மறுபடி அங்கேயே வந்தபோது அவள் சிரிக்கவில்லை. சோறும் கருவாடும் வைத்தாள். யோரிஸ் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றான்.

"உப்பு ஆகாதோ அவருக்கு?" என்றாள்.

"சிக்கனம்மா. தின்னாப் பழகிடும்னு பயப்படுறான்."

அவள் என் காதோரம் குனிந்தாள். "அண்ணே, அவன் மேலுதட்டைப் பாத்தீங்களா? மூக்குக்குக் கீழ குழியே இல்ல. காட்டுல கண்ணுக்குத் தெரியாம இருக்கிறவங்களுக்குத்தான் அப்படி."

"வெளிநாட்டு ஆளுங்க, ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி இருப்பாங்க."

"உங்க மண்டையில களிமண்ணா? சட்டையைத் திருப்பிப் போடுங்க, அப்பத்தான் வழி தெரியும். நேராப் போங்க. யாரு கூப்பிட்டாலும் திரும்பிடாதீங்க."

பின்வாசல் வழியாக, சட்டையின் தையல் வெளியே தெரிய, ஓட்டமும் நடையுமாக வந்தேன். பின்னால், "அண்ணே, அண்ணே" என்று அவன் குரல். கொஞ்ச தூரத்தில் அது என் குரலாகவே கேட்டது. தம்பி, என் குரல் இவ்வளவு கரகரப்பு என்று எனக்கு இதுவரை தெரியாது. தார்ச் சாலைக்கு வந்து விழுந்தபோதுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. யாரோ ஒரு பொம்பளை சொன்னாள் என்று, நம்பி வந்த பிள்ளையைக் காட்டில் விட்டுவிட்டேனே! நிமிர்ந்து பார்த்தால் சாலையோரக் கல்லில் அவன் உட்கார்ந்திருக்கிறான், செருப்பில்கூடச் சேறில்லாமல்.

"லேட்டாயிடுச்சேண்ணே" என்றான். ஒரு கோபமுமில்லை.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு பொறுமைசாலியா? மனசு இளகி, வீட்டுக்கு வந்ததும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து, உள்ளறையைக் கொடுத்து, "இது உன் வீடுப்பா, வேணுங்கிற மட்டும் இரு" என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான். ஆக உன்மேல் வருத்தமில்லை. பிள்ளைகளுக்கு முத்தம், உன் மனைவிக்கு என் விசாரிப்பு, எல்லோரையும் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் எவரிஸ்தோ

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் சத்தம். முதுகில் பையோடு, வியர்வை சொட்டச் சொட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன். சேபுவில் வயிறு கெட்டுப் படகைத் தவறவிட்டானாம், மன்னிக்க வேண்டுமாம், பெயர் யோரிஸாம். கையில் உன் கையெழுத்தில் என் விலாசம். உள்ளறையிலிருந்து மற்றவன், "யாருண்ணே அது, என் பேரைச் சொல்றது?" என்று கேட்கிறான். எந்தக் கதவைத் திறப்பது, எந்தக் கதவைச் சாத்துவது என்று உடனே எழுது. பதில் வர ஒரு வாரமாகும் என்று தெரியும். அதுவரை நடுக்கூடத்திலேயே நிற்கிறேன்.