படகு பார்க்கப் போய்ப் படுத்த கதை

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று மட்டும் வாயில் வராது. பிறந்தது குமராட்சி, பிழைப்பு சிதம்பரத்தில் பைக் ஒர்க்‌ஷாப். கடலுக்குள் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

மனைவியின் தம்பி அருள், கடலூர் துறைமுகத்தில் எட்டு வருஷமாக அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவன். சொந்தமாக ஒரு பழைய பைபர் படகாவது வாங்கிவிடத் துடித்தான். "மாமா, படக நான் பாத்துக்கறேன். இன்ஜின நீங்க பாருங்க" என்றான். காதல் கல்யாணம் முடிந்து ஏழு வருஷமாகியும் மாமனார் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்த வீட்டில் எனக்கு முதல் மரியாதை! விடுவேனா?

படகு புதுப் பெயின்டில் பளபளத்தது. கரையில் வைத்து அருள் தட்டித் தட்டிப் பார்த்தான். நான் இன்ஜினில் காதை வைத்து டாக்டர் மாதிரி "ம்ம்..." என்றேன். (வண்டி இன்ஜினும் படகு இன்ஜினும் ஒண்ணுதான் என்று வழியெல்லாம் அளந்திருந்தேன்.) படகுக்குள் குவித்திருந்த வலையைக் காட்டி, "அதுவும் உங்களுக்குத்தான், சும்மா எடுத்துக்குங்க" என்றார் விற்பவர். தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்க மூவரும் கடலுக்குள் போனோம். இரண்டாவது அலையிலேயே காலையில் தின்ற பொங்கல் வெளியே வந்தது. நாலாவது அலையில் வலைக் குவியல் மேல் மல்லாந்துவிட்டேன்.

"மாமா, இன்ஜின் சத்தம் எப்டி?"

"கரைக்குப் போடா" என்றேன்.

தூக்கி உட்காரவைத்த அருள் என் வேட்டியைப் பார்த்தான். பின்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது.

"பரவால்ல மாமா" என்றான் மெதுவாக. "மொத வாட்டி சில பேருக்கு அப்டி ஆவும்."

விற்பவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயோ, மானமே போச்சு! வாந்தி நின்று ரோஷம் வந்துவிட்டது. "நான் இல்லடா! வலையத் தூக்கிப் பாரு!" என்று கத்தினேன்.

"அதெல்லாம் எதுக்குங்க, சிக்கிக்கும்" என்று விற்பவர் பதறினார். அருள் தூக்கிவிட்டான். அடியில் பட்டி வைத்துப் பெயின்ட் பூசிய விரிசல், ஒரு முழ நீளத்துக்கு. அதன் வழியே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது.

தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம். மணலில் இறங்கியும் அருள் என் கையை விடவில்லை. "இது தெரியாம நாலு பேர ஏத்திக்கினு நடுக்கடலுக்குப் போயிருந்தா... எம் புள்ளைங்க, மாமா..." என்றான். அப்பாடா, தப்பித்தோம் என்று நானும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த தை மாதம் போன் வந்தது. "மாமா, வேற படகு பாத்திருக்கேன். வந்து கொஞ்சம் படுத்துட்டுப் போங்க."

கரையில் நின்று ஊரே பார்க்க, தண்ணீரில் விட்ட படகில் அரை மணி நேரம் படுத்தேன். எழுந்ததும் மாமனார் என் முதுகைத் தடவிப் பார்த்து, "காஞ்சிருக்கு, வாங்கு" என்றார். அருள் இன்றும் அதில்தான் போய் வருகிறான்.

மனைவி மட்டும் சொந்தக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் சிரிக்காமல் சொல்வாள்: "அன்னிக்கு அது கடல் தண்ணிதாங்க. நாங்க நம்பறோம்."