சிவப்புத் தொட்டித் தவளைகள்

மாமனார் ஊரில் வாயை மூடிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைக்குச் சோறும் மரியாதையும் தானாக வரும். நான் பிறவியிலேயே பேச்சுக் குறைவு. அதனால் கல்யாணமாகிக் கொஞ்ச வருடம் நல்ல பேரோடு இருந்தேன். ஒரே ஒரு நாள் நாலு வார்த்தை கூடப் பேசினேன். அது போதுமாக இருந்தது.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் எனக்கு அட்டெண்டர் வேலை. விலங்கியல் பிரிவு. எட்டாவது ஃபெயிலானவனுக்கு அது பெரிய உத்தியோகம். கணபதியில் வாடகை வீடு. மனைவி சரசு. குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. மற்றவர்கள் பேசினார்கள்.

காலேஜில் ஒரு மேடம் தவளை முட்டையை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். தொட்டி கழுவுவதும், பூச்சி பிடித்துப் போடுவதும் என் வேலை. (மாமனார் வீட்டில் 'ஆராய்ச்சியில இருக்கேன்' என்று சொல்லி வைத்திருந்தேன். பூச்சியைச் சொல்லவில்லை.) சிமெண்ட் தொட்டி இரண்டு. இரண்டிலும் பச்சைத் தவளைகள். ஒரு தொட்டியின் விளிம்பில் மட்டும் சிவப்புப் பெயிண்ட். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஏனுங் மேடம், ரெண்டும் ஒரே மாதிரிதானுங்களே இருக்குது. எதுக்குங் தனித்தனியா?"

மேடம் என்னையும் படித்தவனாக நினைத்துத்தான் பேசுவார்.

"முட்டையோட அடிப்பக்கம் மஞ்சக்கரு இருக்குதுங்கல்ல. அந்தப் பக்கந்தான் பின்னால குடலு, ஈரலெல்லாம் ஆகுது. அந்தக் கூட்டத்துக்குள்ளயே கொஞ்சம் செல்லு மட்டும் ஒதுங்கி நிக்குமுங்க. அது குடலாகாது. நேரம் பாத்து நகந்து போயி வித்தாகும். அடுத்த தலமுறைக்கு அதுதான் மூலம்."

"நாம குடலு இல்லீன்னு அதுக்கு எப்பிடிங் தெரியும்?"

"அதத்தான் நானும் தேடறேன். முட்டைக்கு அடியில ஒரு பொருள் இருக்குது. அது எந்தச் செல்லுக்குப் போய்ச் சேருதோ அதுதான் வித்தாகுது. முட்டையா இருக்கறப்பவே அந்த இடத்துல புற ஊதாங்கற ஒரு வெளிச்சத்தக் காட்டினா அந்தப் பொருள் கெட்டுப் போயிருமுங்க. சிவப்புத் தொட்டி அப்படி வெளிச்சம் பட்டது. குடல் இருக்கு, கண்ணு இருக்கு. குதிக்கும், கத்தும். வித்து மட்டும் இல்லை."

எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினை. புரியாமல் இருந்திருந்தால் தொட்டியைக் கழுவிவிட்டுப் போயிருப்பேன். எங்கள் பக்கம் சினை நிற்காத மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவோம். அந்தக் கணக்கில், சிவப்புத் தொட்டியில் இருப்பது கழிவு, மேடம் இரக்கப்பட்டுச் சோறு போடுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடம் மழை இல்லை. சரசுவின் ஊர் பொள்ளாச்சியைத் தாண்டி. போயிருந்தபோது தென்னை மட்டையெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது மச்சான் சொன்னார்.

"தவளைக்குக் கல்யாணம் பண்ணி வெக்கலாமுன்னு ஊர்ல பேசி முடிச்சாச்சு மாப்ள. தவளைதான் இல்ல. கெணத்துல தண்ணி இருந்தாத்தான தவளை இருக்கும்."

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். நானும் விட்டிருக்கலாம்.

"நான் கொண்டு வாரேனுங்க. நம்ம ஆபீஸ்ல இருக்குது. நம்ம சொன்னா குடுத்துருவாங்க."

(யார் கொடுப்பார்கள்? தொட்டிச் சாவி என் இடுப்பில் இருந்தது.)

மாமியார் எனக்கு இன்னொரு கரண்டி நெய் ஊற்றினார். அவ்வளவு நெய் அந்த வீட்டில் அதற்கு முன்னும் ஊற்றியதில்லை, பின்னும் ஊற்றவில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்புத் தொட்டியில் கொழுத்ததாக ஒரு ஜோடி பிடித்தேன். நல்ல தொட்டியில் கைவைக்கவில்லை. அவ்வளவு நாணயஸ்தன். சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியில் ஈரத்துணி போட்டு வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாட்ச்மேன் கேட்டார். ஊர், பேர், கல்யாண நேரம் எல்லாம் சொன்னேன். பெருமை.

பொள்ளாச்சி பஸ்ஸில் போசி கத்தியது. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"போசியில என்னங்க?"

"மாப்பிள்ளை பொண்ணுங்க."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவர் பொள்ளாச்சி வரை பின்னால் வரவில்லை.

ஊரில் மேளம், பந்தல், வாழைமரம், எல்லாம் இருந்தது. முன்னாலேயே வந்திருந்த சரசு கூறைப்புடவை கட்டி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மாமியார் காதருகில் வந்து சொன்னார்.

"பொண்ணுத் தவளைய மடியில வெச்சுத் தாரை வாக்கறவளுக்கு அடுத்த வருசமே மடி நெறையுமுன்னு சொல்லுவாங்க. நாலு பேரு கேட்டாங்க. எம் புள்ளைக்குத்தான்னு சொல்லிப்போட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வேண்டாத இடத்தில் வந்த வாய் அது.

சரசு தவளையை மஞ்சள் தண்ணீர் தெளித்த துணியில் வாங்கினாள். வழுக்கி ஓடிய தவளையை இரண்டு தடவை பிடித்து மடியில் வைத்தாள். பல்லி விழுந்தாலே கத்துகிறவள், கத்தவில்லை. அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளைத் தவளையை மச்சான் பிடித்துக்கொள்ள, மஞ்சள் கயிறு கட்டினார்கள். குலவை போட்டார்கள்.

அப்போது பந்தலுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. மேடம். கையில் மூடி போட்ட வாளி. நான் வாட்ச்மேனிடம் சொன்ன விலாசம் அவருக்குப் போயிருந்தது.

ஆபீசிலிருந்து பெரிய மனுசி வந்திருக்கிறார் என்று ஊரே எழுந்தது. சந்தனம் கொடுத்தார்கள். மேடத்தின் கண் சந்தனத்தில் இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"எந்தத் தொட்டியில இருந்து எடுத்தீங்க?"

மேளக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் அது. என் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"சிவப்புத் தொட்டிதானுங்க மேடம். நல்லதத் தொடுலீங்க. மலடுதானுங்களே, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு..."

"ஆகாததா? அதுதானுங்க என் ஆராய்ச்சியே. இன்னொரு தொட்டி ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. வெளிச்சம் பட்ட முட்டையில இவ்வளவு தூரம் பொழச்சு வளந்ததே ஒரு கைப்பிடிதான். இது போனா என் இத்தன வருசமும் போச்சு." குரல் உடைந்தது. "தொட்டி கழுவறவர நம்பிச் சாவி குடுத்தது என் தப்பு."

ஆக, மாமனார் வீட்டில் நான் சொல்லி வைத்திருந்த 'ஆராய்ச்சி'யும் போயிற்று.

மச்சான் மெதுவாகக் கேட்டார். "மாப்ள. மலட்டுத் தவளையா?"

நான் தலையாட்டினேன். மாமியார் மாரில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"பல்லப் புடிச்சுப் பாத்து மாடு வாங்குற ஊருங்க இது. மாப்பிள்ளை கொண்டு வந்தாருன்னு பாக்காம வாங்கிப்போட்டமே."

யாரோ சிரித்தார்கள். நான் சரசுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடவிய கை மட்டும் நின்றிருந்தது.

அடுத்து வழக்கு. தாலி கட்டிய தவளையைக் குட்டையில் விட வேண்டும், திருப்பிக் கொண்டு போனால் ஊருக்கு ஆகாது என்றார்கள் பெரியவர்கள். விடமுடியாது என்று வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார் மேடம். இரண்டு பக்கத்தாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாழைமரத்தைப் பார்த்தேன்.

சரசுதான் எழுந்தாள்.

"கல்யாணம் முடிஞ்சா பொண்ணு மாப்பிள்ளை மறுஊடு போகோணுமுங்கல்ல. பொண்ணுக்குப் பொறந்த ஊடு மேடத்து ஊடு. அவிங்க கூட்டிட்டுப் போகட்டும்."

பெரியவர்களுக்கு அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. சரசுவே கயிற்றை அவிழ்த்தாள். மேடம் கொண்டு வந்த தண்ணீரில் மஞ்சளையும் குங்குமத்தையும் கழுவினாள். இரண்டையும் வாளியில் விட்டாள். மேடம் அவள் கையைப் பிடித்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. கேட்கும் தகுதியும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கிணத்துக்கடவு தாண்டித்தான் அவள் வாய் திறந்தாள்.

"நான் மடியில வெப்பேன்னு உங்களுக்குத் தெரியாது. அது சரிங்க. தெரிஞ்ச பொறவாவது சொல்லியிருக்கலாமில்லீங்களா."

காலிப் போசியை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

தவளைகள் பிழைத்துக்கொண்டன. மேடம் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். மழை, வழக்கமாக வருகிற ஐப்பசியில் வந்தது. சில வருடம் கழித்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். எந்தத் தவளைக்கும் அதில் பங்கில்லை.

ஆனால் அந்தக் கேள்வி வீட்டில் தங்கிவிட்டது. நான் கத்திரி நாற்று வாங்கி வந்தாலும், கோழி வாங்கி வந்தாலும், "எந்தத் தொட்டிங்க?" என்பாள் சரசு.

போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் விசாரித்துக் கொண்டுவந்த இடம். பையன் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். காப்பித் தட்டை வைத்துவிட்டு சரசு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இது எந்தத் தொட்டி?"

மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் குனிந்து சிரித்தாள். வந்தவர்கள் விழித்தார்கள். விளக்கிச் சொல்வது எப்போதும் என் பொறுப்பு. அது சரசு போட்ட தண்டனை. பேச்சுக் குறைந்த எனக்கு வேறு தண்டனை தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"முட்டையோட அடிப்பக்கம் மஞ்சக்கரு இருக்குதுங்கல்ல," என்று ஆரம்பித்தேன்.