ஏன் மாஸ்ரரும் ரீச்சரின் சேவலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே, அழகுக்கு நாங்கள் சொல்லும் ‘வடிவு’ என்ற சொல்லை வாயில் எடுக்கப் பயந்து சீவிக்கும் ஒரே தெரு எங்கள் ஒழுங்கைதான். மற்ற இடங்களில் பெட்டையும் வடிவு, பசுக்கன்றும் வடிவு, பிரசங்கமும் வடிவு. வயிறு நிறையச் சாப்பிடுவதற்குக்கூட ‘வடிவாச் சாப்பிடுறது’ என்றுதான் பெயர். நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி ஏதாவது சொன்னால் பின்னால் ஒரு குரல் கேட்கும்: “ஏன் வடிவு?”

அதுதான் ஏன் மாஸ்ரர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் பென்சன் கொடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் தகப்பன் வந்து, “மாஸ்ரர், வடிவாச் சாப்பிடுங்கோ” என்றார். பாவம், உபசாரம். மாஸ்ரர் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“சாப்பாட்டிலை வடிவு எங்கை இருக்கு? இலையிலையோ, பாக்கிற கண்ணிலையோ?”

மனிதர் பதில் தேடி முடிப்பதற்குள் அடுத்த பந்திக்கான ஆட்கள் கதிரைகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

செத்தவீட்டிலும் விடவில்லை. “நித்திரை மாதிரி வடிவாக் கிடக்கிறார்” என்று யாரோ மூக்கைச் சிந்த, மாஸ்ரர் குனிந்து, “உயிரோடை நித்திரை கொள்ளேக்கை ஆரும் வடிவெண்டு சொன்னனீங்களோ?” என்றார். செத்தவரின் மகன் அவரின் தோளில் கைபோட்டு மிக மரியாதையாக வாசல் படலைவரை கொண்டுபோய் விட்டான்.

இந்தத் திறமை வீணாகக்கூடாது என்று பக்கத்து ரியூசன் சென்ரரில் கலை இரசனை வகுப்பும் தொடங்கினார். சோதினைக்கு வரும் கேள்வி சொல்வார் என்று பிள்ளைகள் நிறைந்துவிட்டார்கள். மாஸ்ரர் மேசையில் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கும் ஒரு பழைய கேத்திலை வைத்து, “பாருங்கோ” என்றார். வகுப்பு முடியும்வரை பார்த்தார்கள். ஒரு தாய் சைக்கிளில் பாய்ந்து வந்தார்.

“மாஸ்ரர், எங்கடை வீட்டிலை கேத்தில் இல்லையெண்டோ பிள்ளையை இஞ்சை விட்டனான்?”

அடுத்த கிழமை வகுப்புக்கு மாஸ்ரரும் கேத்திலும் மட்டும் வந்தார்கள்.

இதெல்லாம் எங்களுக்குச் சிரிக்கப் பகிடி. மாஸ்ரரின் மனைவிக்கு, அவரை நாங்கள் ரீச்சர் என்போம், சீவியம். கட்டிய நாள் முதல் புருசன் வாயிலிருந்து ஒரு ‘வடிவு’ அவர் கேட்டதில்லை. புதுச்சேலை உடுத்தி வந்து நின்றாலும் கரையின் நிறம் சேலையின் உடலோடு ஏன் ஒத்துவரவில்லை என்று விளக்கம்தான் கிடைக்கும். பென்சன் எடுத்த பிறகு ரீச்சரும் இரகசியமாகப் படம் கீறத் தொடங்கினார். அப்படிக் கீறிய ஒரு படத்தைத் தேவாலய மாதர் சங்கம் வைக்கும் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டு மதிலடியில் என் மனைவியிடம் சொன்னார்:

“மகள் கனடாவுக்கு வரச்சொல்லி விசாவும் எடுத்துத் தந்திட்டாள். இந்த மனிசன் என்ரை படத்துக்கு முன்னாலையும் நிண்டு விளக்கம் கேட்டுதெண்டால், நான் மகளிட்டைப் போயிடுவன். பிறகு திரும்பி வரமாட்டன்.”

ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். மனைவி எனக்கு மட்டும் சொன்னாள். நானும் ஒழுங்கைக்கு மட்டும்தான் சொன்னேன். கண்காட்சி மண்டபத்தில் கால்வைக்க இடமில்லை.

படத்தில் இருந்தது ஒரு சேவல். ரீச்சர் சொன்னபடியால் அது சேவல். கழுத்து புடலங்காய்போல நீண்டு போனது. இரண்டு கால்களும் ஒரே பக்கத்தில் முளைத்திருந்தன. மாஸ்ரர் அதற்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடியும் கழற்றினார். ரீச்சர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார்.

“வடிவு” என்றார் மாஸ்ரர்.

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. பக்கத்தில் நின்ற தேவாலயப் போதகருக்கோ மாஸ்ரரோடு பழைய கணக்கு ஒன்று இருந்தது. அவருடைய பிரசங்கத்தை யாரோ வடிவு என்று சொல்லப்போய், மாஸ்ரர் தேவாலய வாசலிலேயே அதைத் துண்டு துண்டாக்கியிருந்தார். வாய்ப்பை விடுவாரா?

“ஏன் வடிவு மாஸ்ரர்?”

“நிறம்…” என்று தொடங்கினார் மாஸ்ரர். “இல்லை, நிறம் கூடிப்போச்சு. கோடு எண்டு பாத்தால்… கோடும் ஓடேல்லை. கழுத்து… கழுத்தைப் பற்றிக் கதைக்காமல் விடுவம்.” நெற்றியில் வியர்த்துவிட்டது. “ஒரு காரணமும் நிக்குதில்லை, போதகர். எண்டாலும் வடிவு. சத்தியமா வடிவு.”

சொல்லிவிட்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தது சேவலை அல்ல.

“கழுத்துக்கு என்ன குறை?” என்றார் ரீச்சர்.

“ஒரு குறையுமில்லை. நீர் கீறினபடியே இருக்கட்டும்.”

“சரி, வாங்கோ வீட்டை போவம். மத்தியானம் மருந்துக் குளிசையும் போடேல்லை நீங்கள்.”

ரீச்சர் கனடாவுக்குப் போகவில்லை. விசா அலுமாரிக்குள்ளேயே காலாவதியாகிவிட்டது. மாஸ்ரர் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்கவேண்டாம். அடுத்த ஞாயிறே போதகரின் பிரசங்கம் வாசலில் மறுபடியும் துண்டு துண்டாகியது.

ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று அந்த மண்டபத்தில் ரீச்சரைவிடப் பயந்துபோய் நின்றவன் நான்தான். ரீச்சர் போயிருந்தால் மாஸ்ரரும் பின்னாலேயே போயிருப்பார். அந்த மனிதர் இல்லாத ஒழுங்கையில் எனக்கு என்ன வேலை?