மச்சாலாக்காரருக்கு மொழிபெயர்த்த கதை

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. இதை வாயால் பலமுறை சொல்லியாயிற்று. யாரும் கேட்பதாக இல்லை. எழுத்தில் சொன்னாலாவது நம்புவார்களோ என்று பார்க்கிறேன். எங்கள் சொந்தத்தில் கலியாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு எதுவானாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் யாராவது என் பக்கம் திரும்பி, "அந்த ஸ்பானிஷ் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்பார்கள். நான் சொல்லாவிட்டால் என் மாமனார் சொல்வார். அவர் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பொய் சேரும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாகச் சொல்லி எனக்கே களைத்துவிட்டது.

2009-ம் ஆண்டு. எனக்கு முப்பத்தொரு வயது. பாரிசில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் இதை 'ப்ளோஞ்ச்' என்போம். பிரெஞ்சில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.) எனக்குப் பக்கத்து அடுப்பில் ஒரு கொலம்பியாக்காரன் சமைத்தான். காலையிலிருந்து வீட்டுக்குப் போகும்வரை அவன் என்னை ஸ்பானிஷில் ஏசுவான். என் ஸ்பானிஷ் கல்வி அவ்வளவுதான்.

அந்த நேரம் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தவர் பரமு அண்ணை. ரூ பெர்தொனே தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து என் விவரங்களை எழுதினார்.

"என்னென்ன பாஷை தெரியும்?"

"தமிழ். பிரெஞ்சு கொஞ்சம். இங்கிலிஷ் அதைவிடக் கொஞ்சம்."

"காணாது தம்பி. பெம்பிளை இஞ்சை படிச்ச பிள்ளை. காப்புறுதிக் கந்தோரிலை வேலை. வேறை ஒண்டும் இல்லையோ?"

"குசினியிலை ஒருத்தன் ஸ்பானிஷிலை ஏசுவான்."

"விளங்குமோ?"

"என்னைத்தான் ஏசுறான் எண்டு விளங்கும்."

"அது போதும்" என்று சொல்லி, 'ஸ்பானிஷ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

பெண்ணின் பெயர் வாசுகி. அப்பா நவரத்தினம் ஐயா, ரூ காய் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்தவர். பாரிசுக்கு வந்து இருபது வருடமாகியும் ஒரு வாழைக்குலையைக் கண்டால் அதைத் தூக்கிப் பார்க்காமல் அந்த இடத்தைக் கடக்கமாட்டார். அந்த வருடம் பாரிசில் நடந்த விவசாயக் கண்காட்சிக்குப் போனவர், அங்கே எக்குவடோர் நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வாழைத்தோட்டக்காரரைச் சந்தித்துவிட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. கையாலும் காலாலும் கதைத்திருக்கிறார்கள். வந்தவர் தன் ஊர் 'மச்சாலா' என்று சொல்ல, ஐயா அதை மசாலா என்று விளங்கி, "மல்லி எத்தனை பங்கு போடுறியள்?" என்று தமிழில் கேட்டிருக்கிறார். பிறகுதான் அது ஒரு மாகாணத்தின் தலைநகரம் என்று தெரிந்ததாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச்சொல்லி முகவரி அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார். நேரடியாக வாழைக்காய் இறக்குமதி செய்வதென்று வழியிலேயே முடிவும் எடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் எனக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமாமே?"

உண்மையைச் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பெண்ணின் படத்தை மட்டும் பார்த்திருந்தேன். படம் என் சட்டைப் பையில் இருந்தது.

"ஓம் ஐயா" என்றேன்.

ஞாயிறு மத்தியானம் கடையின் பின்பக்கத்தில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டிருந்தார்கள். ரோல்ஸ், வடை, லட்டு. விருந்தாளியின் பெயர் செகுந்தோ. வாசலில் பெயர் சொல்லும்போதே 'தொன்' செகுந்தோ என்று சொன்னார். அது நம்முடைய ஐயா மாதிரி என்று ஊகித்தேன். அறுபது வயதிருக்கும். குளிருக்காக யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய கோட்டுக்குள் ஒடுங்கிப்போய் இருந்தார். கைகளில் வாழைக்கறை. நவரத்தினம் ஐயா அந்தக் கறையைப் பார்த்ததும் பெற்ற பிள்ளையைக் கண்டதுபோல மலர்ந்தார்.

எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்கள் முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிட்டன. நல்லவேளையாக அவர் ஒரு கடதாசியில் படம் வரைந்து சொன்னார். ஒரு நகரம். அதைச் சுற்றி, கண்ணுக்கு எட்டியவரை வாழை. பக்கத்தில் துறைமுகம், ஒரு கப்பல். குலைகளுக்கு நீலப் பை கட்டி, மேலே ஓடும் கம்பியில் தொங்கவிட்டு இழுத்துப்போகும் ஒரு மனிதன். இதையெல்லாம் மொழிபெயர்க்க மொழி தேவையில்லை, கண் போதும். ஆனால் நான் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஐயா, ஊர் முழுக்க வாழையாலைதான் சீவிக்குதாம். கப்பல் வாற கிழமை ஊரே சந்தோசமாம்" என்று விரித்துச் சொன்னேன்.

"தம்பி, நல்லாத்தான் கதைக்கிறியள்" என்றார் ஐயா.

அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கெடுத்தது. அடுத்து அவர், "இந்த முறை விளைச்சல் எப்பிடி எண்டு கேளுங்கோ" என்றார்.

நான் விருந்தாளியிடம் திரும்பி, "பனானோ… புவேனோ?" என்றேன். வாழை நல்லமா என்று அர்த்தம். (இலக்கணம் கேட்காதீர்கள்.)

தொன் செகுந்தோ பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'ரீயோ' என்ற ஒரு சொல் மூன்று நான்கு முறை வந்தது. எனக்கு உயிர் வந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும்! நான் கோப்பையை உடைத்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கும்போதெல்லாம் கொலம்பியாக்காரன் அதைப்போல ஒரு சொல்லைச் சொல்லித்தான் கத்துவான். ஆகவே அது சிரிப்பு.

"எல்லாரும் சிரிச்சவையாம் ஐயா" என்றேன்.

"ஏனாம்?"

"விளைச்சலைப் பாத்து."

"அவ்வளவு விளைச்சலோ!" என்று ஐயா தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தொன் செகுந்தோ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. அப்போதைக்கு அது களைப்பு என்று நினைத்தேன். தூர தேசத்திலிருந்து வந்த மனுசன் அல்லவா.

"வீட்டிலை மனிசி சுகமோ எண்டு கேளுங்கோ."

மனிசிக்கு, அதாவது மனைவிக்கு, 'எஸ்போசா' என்று எனக்குத் தெரியும். கொலம்பியாக்காரனின் துன்பங்களில் பாதி அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்கும். கேட்டேன்.

அவர் ஒரே ஒரு சொல்தான் சொன்னார். "முரியோ."

அதற்குள்ளும் ஒரு ரியோ!

"மனிசியும் சிரிச்சவவாம் ஐயா!"

ஐயாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு. "நல்ல குடும்பம்! நல்ல குடும்பம்!" என்று சொல்லிக்கொண்டே ஒரு லட்டை எடுத்து, தொன் செகுந்தோவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

அப்போதுதான் பின்னால் கோப்பைகள் ஆடும் சத்தம் கேட்டது. வாசுகி தேத்தண்ணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. தட்டை ஒரு அரிசி மூட்டையின் மேல் வைத்தாள். தகப்பனின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். பிறகு விருந்தாளியின் முன்னால் குனிந்து, சரளமான ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். தொன் செகுந்தோ கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

அவள் நிமிர்ந்து தமிழில் சொன்னாள்:

"அப்பா, அவரின்ரை தோட்டத்தை ஆறு அடிச்சுக்கொண்டு போட்டுது. ஒரு மரம் மிச்சமில்லை. மனிசி போன வருசம் செத்துப்போனா."

ஐயாவின் கையில் லட்டு நசிந்தது. அவர் வாய் இன்னும் சிரிப்பின் வடிவத்திலேயே திறந்திருந்தது. மூடுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"உனக்கு எப்பிடி ஸ்பானிஷ் தெரியும்?" என்றார் கடைசியில்.

"பள்ளிக்கூடத்திலை அஞ்சு வருசம் படிச்சனான். நீங்கள் கேக்கேல்லை."

ஐயா எழுந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றினார். தொன் செகுந்தோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிக்கச் சொல்லு. எனக்கும் ஒரு முறை காத்திலை முழுத் தோட்டமும் விழுந்தது எண்டு சொல்லு. விடிய எழும்பிப் பாத்தா வானம்தான் தெரிஞ்சது எண்டு சொல்லு" என்றார். அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு மனிதர்களும் வாசுகியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். எந்த வாழைக்குட்டியை விடுவது, எதை வெட்டுவது, குலைக்கு எப்போது முட்டுக் கொடுப்பது. கப்பல்காரர்கள் ஒரு சிறு புள்ளியைக் கண்டாலும் பெட்டியைத் திருப்பிவிடுவதைப் பற்றி ஒருவர் திட்ட, மற்றவர் விளங்கியதுபோலத் தலையில் கைவைத்தார்.

எனக்கு அங்கே இருக்கமுடியவில்லை. எழுந்து ஓடவும் தைரியமில்லை. மேசையில் கிடந்த கோப்பைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போய்க் கழுவத் தொடங்கினேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே மொழி அது.

இடையில் ஒருமுறை வாசுகி வந்து நின்றாள். நாங்கள் நேரில் கதைத்த முதல் கதை இதுதான். (இதையா பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வது?)

"உண்மையிலை உங்களுக்கு எத்தினை சொல் தெரியும்?"

"மரியாதைச் சொல்லை விட்டா எட்டு."

"சொல்லுங்கோ பாப்பம்."

நுரைக் கையோடு விரல்விட்டுச் சொன்னேன். கெதியாய், கவனம், சூடு, வாழை, நல்லம், மனிசி, இவற்றுக்கான சொற்கள். ஏழாவது விரலில், "ரீயோ" என்றேன்.

"அது ஆறு" என்றாள்.

"இல்லை, ஏழு" என்றேன் நான். "எண்ணிக்கொண்டுதானே வாறன்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அந்த நிலையிலேயே உள்ளே ஓடிப்போய், நான் ஆற்றைச் சிரிப்பாக்கிய கதையைத் தொன் செகுந்தோவுக்குச் சொன்னாள். அவர் எட்டி என்னைப் பார்த்தார். நான் ஈரக்கையைக் கூப்பினேன். அவர் தோள்கள் குலுங்கின. அந்த மத்தியானம் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். போகும்போது என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அது மன்னிப்பா, இரக்கமா என்று வாசுகியிடம் இதுவரை கேட்கவில்லை.

வாழைக்காய் வியாபாரம் சரிவரவில்லை. அவர் ஊரில் வேறு தோட்டங்கள் இருந்தாலும், கப்பலில் வருவதென்றால் ஒரு பெரிய கொள்கலனையே நிரப்பவேண்டும். லா சப்பல் முழுக்க மூன்று நேரமும் வாழைக்காய்க் கறி தின்றாலும் அது முடியாது. சம்பந்தமும் முறிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு நாளில் பரமு அண்ணை தொலைபேசியில் வந்தார். பெண்ணுக்குச் சம்மதமாம்.

"ஏனாம்?" என்றேன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

"இதுக்கு முதல் பாத்த மாப்பிளைமார் எல்லாரும் நல்லாப் பொய் சொன்னவையாம். நீங்கள் சொன்னா உடனை பிடிபடுமாம். அது வசதியாம்."

இப்போது பாரிசுக்கு வெளியே, பொண்டியில் இருக்கிறோம். மாமனாரும் எங்களோடுதான். வயது எண்பதை நெருங்குகிறது. காது மந்தம், குறும்பு மட்டும் குறையவில்லை. போன மாதம் தெரிந்த வீடொன்றில் ஒரு சாவு. வேலை முடிந்து, அலுப்போடு அலுப்பாகப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செத்தவரின் மகன் எல்லோருக்கும் முன்னால் நின்று தகப்பனின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சனம் விம்மியது. மாமனார் மெதுவாக என் காதுப் பக்கம் சரிந்தார்.

"மாப்பிளை," என்றார், காது மந்தமானவர்கள் இரகசியம் சொல்லும் குரலில், "என்னவாம்? சிரிச்சவையாமோ?"

சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். பார்த்தவர்கள் அழுகிறார் என்று நினைத்திருப்பார்கள். என்னிடம் கைக்குட்டை இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு அவருக்கும் வாசுகிக்கும் மட்டும்தான் சொல்லி அனுப்பினார்கள்.